கடைசிப் பிடி மண்

ஒரு காட்டில் குழிகள் நிறைய இருந்தன. மரங்களைவிடக் குழிகள் அதிகம் என்றால் நம்பமாட்டீர்கள், பிள்ளைகளே. ஆனால் அங்கே ஓடித் தடுக்கி விழுந்த முயல்களைக் கேட்டுப் பாருங்கள், அப்படித்தான் சொல்லும்.

எல்லாம் பாதிக் குழிகள். ஆசையாகத் தொடங்கி, அப்படியே விட்டுப் போனவை.

இதற்கெல்லாம் காரணம் கருமுத்து என்ற கரடி. கெட்ட கரடி இல்லை. ரொம்ப நல்ல கரடி. சிக்கலே அதுதான்.

காட்டில் யார் எந்த வேலை தொடங்க நினைத்தாலும் கருமுத்துவிடம் வந்து கேட்பார்கள். அவனுக்கோ மாட்டேன் என்ற சொல் வாயில் வராது. யாராவது கண்ணில் ஆசையோடு வந்து நின்றால் போதும், மனம் இளகிவிடும். "ஆகட்டும்" என்பான். உடனே கேட்டவர் முகம் மலரும். அதைப் பார்த்துவிட்டால் அவனுக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

அங்கே ஒரு வழக்கமும் இருந்தது. எந்த வேலைக்கும் முதல் பிடி மண் அள்ளுவது பெரிய விழா. வேலையை நினைத்தவரே நடுவில் நின்று அதை அள்ளுவார். கழுத்தில் காட்டு மல்லிகை மாலை விழும். கருமுத்து தன் கையாலேயே தேனடை ஊட்டுவான். முதல் பிடி மண் மேலே வந்ததும் காடே கூவும்.

இரண்டாம் பிடிக்கு மாலை இல்லை. தேனும் இல்லை. அதனால் இரண்டாம் பிடி அள்ள யாரும் நிற்பதில்லை.

முட்டுச்சாமி ஒருவன்தான் நிற்பான். முட்டுச்சாமி காட்டுப்பன்றி. தோண்டுவதற்கென்றே செய்துவைத்த மூக்கு அவனுக்கு. முணுமுணுத்துக்கொண்டே தோண்டுவான், ஆனால் தோண்டுவான்.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. வெயில் ஏற ஏற, பாறையடிச் சுனை சுருங்கிக்கொண்டே போனது. ஒரு காலையில் கருமுத்து தண்ணீர் குடிக்கப் போனான். குனிந்தான். இன்னும் குனிந்தான். தலைகீழாக விழப் போனான்.

"பார்த்துடா, பார்த்து! நீ விழுந்தால் இருக்கிற தண்ணீரும் வெளியே போய்விடும்" என்றது சேற்றிலிருந்து ஒரு குரல்.

ஓடாயி. சுனையில் வாழும் ஆமை. கருமுத்து குட்டியாக இருந்தபோதே இருவருக்கும் சிநேகம். நாளுக்கு ஒரு சண்டையாவது போடாவிட்டால் இருவருக்கும் தூக்கம் வராது.

"தண்ணீர் எங்கே போச்சு, அக்கா?"

"எங்கும் போகவில்லை. கீழேதான் இருக்கிறது. ஊற்றுக்கண்ணைச் சேறு அடைத்துக்கொண்டிருக்கிறது. தூர் வார வேண்டும் என்று போன மழைக்கு முன்னாலேயே கேட்டேன். நீ ஆகட்டும் என்றாய். எனக்கு மாலைகூடப் போட்டீர்கள். அது ஓட்டில் நிற்காமல் வழுக்கி விழுந்தது, நினைவிருக்கிறதா?"

கருமுத்துவுக்கு நினைவிருந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் நினைவில்லை. ஏனென்றால் எதுவும் நடக்கவில்லை.

"சுனை வற்றினால் என்ன செய்வது?"

"நீங்கள் எல்லாரும் மலைக்கு அந்தப் பக்கம் ஆற்றுக்குப் போவீர்கள்."

"நீ?"

"நானா? இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் கிளம்பினால், அங்கே போய்ச் சேருவதற்குள் அந்த ஆறும் வற்றிவிடும்."

"நான் உன்னைத் தூக்கிக்கொண்டு போகிறேன்!"

"நாலு காலும் ஊன்றினால்தான் நீயே அந்தப் பாறை ஏறுவாய். முதுகில் வைத்தால் வழுக்குவேன். முன்பு ஒருமுறை தூக்கிப் பார்த்தாயே, அந்தக் கீறல் இன்னும் என் ஓட்டில் இருக்கிறது." ஓடாயி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். உள்ளிருந்தபடியே சொன்னாள்: "நான் சேற்றுக்குள் புதைந்து கிடக்கிறேன். மழை வந்தால் எழுந்து வருகிறேன். வராவிட்டால், ஓட்டை நீ எடுத்துக்கொள். தேன் வைத்துக்கொள்ளலாம்."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். கருமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை.

நேரே முட்டுச்சாமியைத் தேடி ஓடினான். முட்டுச்சாமி ஒரு குழிக்குள் குப்புறக் கிடந்தான். மூக்கு வீங்கிச் சிவந்திருந்தது.

"தம்பி, எழுந்திரு! சுனையைத் தூர் வார வேண்டும். அவசரம்!"

"எல்லாம் அவசரம்தான், அண்ணே" என்றான் முட்டுச்சாமி, கண்ணைத் திறக்காமலே. "மயிலுக்கு ஆட மேடை அவசரம். குரங்குக்குச் சறுக்கு விளையாடப் பள்ளம் அவசரம். உங்களுக்குத் தேன் வைக்க நிலவறை அவசரம். காலையில் அங்கே கொஞ்சம் தோண்டுகிறேன். உச்சிப் பொழுதில் இங்கே கூப்பிடுகிறார்கள். திரும்பிப் போவதற்குள் முதல் குழியில் மண் சரிந்துவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து. எனக்கு ஒரே மூக்குதானே, அண்ணே?"

"இத்தனை வேலையை யார் உன் தலையில் கட்டினார்கள்?"

முட்டுச்சாமி ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "எல்லாவற்றுக்கும் ஆகட்டும் சொன்னது யாராம்?"

கருமுத்து மூக்கைச் சொறிந்துகொண்டான்.

அன்று முழுக்க யோசித்தான். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். எல்லாரையும் கூட்டி, பாறைமேல் ஏறி நின்று சொன்னான்:

"இனி முதல் பிடி மண்ணுக்குத் தேன் கிடையாது! மாலையும் கிடையாது! கடைசிப் பிடி மண்ணை யார் அள்ளுகிறாரோ அவருக்குத்தான் எல்லாம். என்னிடம் இருக்கும் பெரிய மலைத்தேனடை முழுசும் அவருக்கே!"

காடு கூவியது. நல்ல யோசனை என்று கருமுத்து தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், முட்டுச்சாமியின் வாலைக் குரங்கு பிடித்து இழுக்கிறான். காதை மயில் கொத்தி இழுக்கிறான்.

"முதலில் என் பள்ளம்!" என்றான் குரங்கு கிளைமாறன். ஒரு கிளையில் நிலையாக உட்காரத் தெரியாதவன் அவன்.

"முதலில் என் மேடை! தேனடை எனக்குத்தான்!" என்றான் மயில் தோகையப்பன். தன் நிழல் அழகாக விழுகிறதா என்று பார்க்காமல் ஓர் அடி எடுத்துவைக்காதவன் அவன்.

"ஐயோ, என்னைப் பெற்றவளே!" என்றான் முட்டுச்சாமி.

கருமுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். பரிசைத் தூக்கிக் கடைசியில் வைத்தாயிற்று. வேலைகள் அப்படியேதான் இருந்தன. மூக்கும் ஒன்றுதான்.

எதையாவது வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும். யாரிடம் சொல்வது? தோகையப்பன் அழுதுவிடுவான். கிளைமாறன் பேசமாட்டான். எந்த முகம் வாடினால் தன்னால் தாங்க முடியும் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான்.

ஒரே ஒரு முகம்தான் கிடைத்தது. தன் முகம்.

எழுந்தான். தன் நிலவறைக் குழிக்குப் போனான். குட்டியாக இருந்த நாளிலிருந்து அவன் கண்ட கனவு அது. கோடையிலும் உருகாமல் தேன் அடுக்கிவைக்க ஒரு குளிர்ந்த அறை. எங்கே எந்த அடை இருக்க வேண்டும் என்றுகூட மனதில் வைத்திருந்தான். குழியின் விளிம்பில் நின்று ஒரு பெருமூச்சு விட்டான். பிறகு இரண்டு கையாலும் மண்ணை உள்ளே தள்ளத் தொடங்கினான்.

எல்லாரும் ஓடிவந்தார்கள். "மாமா! என்ன செய்கிறீர்கள்? இது உங்கள் குழியாச்சே!"

"என் குழிதான். இது இல்லாவிட்டால் என் தேன் கொஞ்சம் உருகும். நான் கொஞ்சம் அழுவேன். அவ்வளவுதான். யாரும் சாகமாட்டார்கள்." கடைசி மண்ணையும் தள்ளி மிதித்துவிட்டு நிமிர்ந்தான். "கிளைமாறா, உன் பள்ளம் இல்லாவிட்டால்?"

கிளைமாறன் தலையைச் சொறிந்தான். "மரத்திலேயே சறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்."

"தோகையப்பா, உன் மேடை இல்லாவிட்டால்?"

"என் அழகு யாருக்கும் தெரியாமல் போகும்!"

"அது இப்போதே தூரத்திலிருந்து தெரிகிறது. நீ மழை வந்தால்தானே ஆடுவாய்? மழை வரும்வரை உயிரோடு இருக்கத் தண்ணீர் வேண்டாமா? சுனை வற்றினால் நாம் ஆற்றுக்கு நடப்போம். ஓடாயி நடக்கமாட்டாள். இங்கேயே கிடப்பாள்."

கிளைமாறன் சுனைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அதனால், மேடை இப்போது வேண்டாம்" என்றான் கருமுத்து. சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டான், தலையில் ஏதோ விழப் போகிறது என்பதுபோல.

"நீங்கள் ரொம்ப மாறிவிட்டீர்கள், மாமா!" என்று தோகையப்பன் கழுத்தைத் திருப்பிக்கொண்டு போனான். அவ்வளவுதான். வேறொன்றும் விழவில்லை. கருமுத்து ஒரு கண்ணைத் திறந்து வானத்தைப் பார்த்தான். அது இருந்த இடத்திலேயே இருந்தது.

வேலை தொடங்குவதற்கு முன் முட்டுச்சாமி ஒன்று கேட்டான். "எதுவரைக்கும் தோண்ட வேண்டும், அண்ணே? அதைச் சொல்லிவிடுங்கள். போதும் என்று யாரும் சொல்லாததால்தான் என் மூக்கு இப்படி ஆனது."

கருமுத்து ஓடாயியைத் தூக்கி, சுனையின் நடுவில் இருந்த கல்மேல் உட்காரவைத்தான். தண்ணீர் அவள் நகத்தைக்கூட நனைக்கவில்லை.

"இவள் முதுகு எப்போது முழுகுகிறதோ, அப்போது போதும்."

"அடப்பாவி, என்னை அளவுகோலாக்கிவிட்டாயா?" என்றாள் ஓடாயி. ஆனால் கல்லைவிட்டு இறங்கவில்லை.

முட்டுச்சாமி தோண்டினான். அவனை வேறு யாரும் கூப்பிடக் கூடாது என்று கருமுத்து கரையில் கோடு கிழித்தான். சேற்றை அள்ளிக் கரையேற்றுவது கருமுத்துவின் வேலை. கற்களைப் பொறுக்கி வெளியே எறிவது கிளைமாறன் வேலை. எறிவது என்றால் அவனுக்குச் சொல்லவா வேண்டும்? விடிந்ததும் எல்லாரையும் கூவி எழுப்ப ஒருவர் வேண்டியிருந்தது. முதல் நாள் யாரும் நேரத்துக்கு எழவில்லை. மறுநாள் விடியலில் பாறைமேலிருந்து ஒரு குரல் காட்டையே உலுக்கியது. தோகையப்பன்!

"நான் ஒன்றும் சமாதானமாகிவிடவில்லை. இந்தக் காட்டில் வேறு யாருக்கும் குரல் சரியில்லை, அதனால் வந்தேன்" என்றான்.

பாதி வேலையில் முட்டுச்சாமியின் மூக்கு பாறையில் மோதியது. எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். முட்டுச்சாமி களைப்பில் அப்படியே சேற்றில் படுத்தான். படுத்தவன் துள்ளி எழுந்தான். "இந்தப் பக்கம் வயிறு சில்லென்று இருக்கிறது!" அந்தப் பக்கமாகத் திரும்பித் தோண்டினார்கள்.

சேற்றில் தண்ணீர் கசியத் தொடங்கியதும் கிளைமாறனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "மாமா! இவ்வளவு தோண்டியாச்சு. கூடவே நடுவில் ஒரு குட்டித் தீவு? அதில் ஒரு மாமரம்?"

"சுற்றிலும் படிக்கட்டு! நான் இறங்கிவர!" என்றான் தோகையப்பன்.

கருமுத்துவின் மனதில் தீவு எழுந்தது. மாமரம் காய்த்தது. அழகாகத்தான் இருந்தது. "ஆக..." என்று வாய் தானாகவே திறந்தது.

கல்மேல் ஓடாயி உட்கார்ந்திருந்தாள். வெயிலில் அவள் ஓடு வெளுத்துக் காய்ந்து கிடந்தது. கருமுத்துவின் கண் அதில் பட்டது.

"...அடுத்த மழைக்குப் பிறகு கேளுங்கள்" என்று முடித்தான் கருமுத்து.

ஒரு காலையில் முட்டுச்சாமியின் மூக்குக்கு அடியில் ஏதோ கொப்பளித்தது. அடைந்து கிடந்த ஊற்றுக்கண் திறந்துகொண்டது. தண்ணீர் ஓடாயியின் நகத்தைத் தொட்டது. வயிற்றைத் தொட்டது. கீறல் இருந்த இடத்தைத் தொட்டது. காடு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. முதுகு முழுகியது. மேலே மூக்கு மட்டும் தெரிந்தது.

"போதும்!" என்று கத்தினான் கருமுத்து.

உடனே சண்டை வந்தது. கடைசிப் பிடி மண்ணை யார் அள்ளுவது? "எறிந்தது நான்!" "எழுப்பியது நான்!" முட்டுச்சாமி மட்டும் பேசாமல் மூக்கைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு சுகமாக நின்றான்.

"முதல் பிடியை யார் அள்ளினாரோ அவரே கடைசிப் பிடியையும் அள்ளட்டும்" என்றான் கருமுத்து.

அதை யாராலும் மறுக்க முடியவில்லை. போன மழைக்கு முன்னால் இந்தச் சுனையில் முதல் பிடி அள்ளியவள் ஓடாயிதான்.

ஓடாயி கல்லிலிருந்து இறங்கினாள். மெதுவாக. அடியில் போனாள். ரொம்ப மெதுவாக. ஒரு காலில் சேற்றை அள்ளிக்கொண்டு கரைக்கு நடந்தாள். அதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மாலையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் நின்றார்கள். கிளைமாறன்கூட ஒரே கிளையில் உட்கார்ந்திருந்தான். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

கரையில் மண் விழுந்தது. காடு கூவியது. மாலை போட்டார்கள். அது வழக்கம்போல வழுக்கி விழுந்தது.

"எனக்கு எதற்கடா தேன்? அந்த மூக்குக்குக் கொடு" என்றாள் ஓடாயி. முட்டுச்சாமி தேனடையில் முகம் புதைத்தான். சாயங்காலம்வரை அவன் முணுமுணுக்கவே இல்லை.

தேன் வாசம் போவதற்குள் கிளைமாறன் தாவிவந்தான். "மாமா, மாமா! புதிதாக ஒரு வேலை நினைத்திருக்கிறேன்!"

கண்ணில் அதே ஆசை. கருமுத்துவின் மனம் இளகியது. வாயைத் திறந்தான். தண்ணீருக்கு அடியிலிருந்து ஓடாயி விட்ட ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது.

கருமுத்து வாயை மூடிக்கொண்டான். பிறகு கிளைமாறனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, தோளில் கைபோட்டுக் கேட்டான்:

"சரி, சொல். அது இல்லாவிட்டால் யாருக்கு என்ன ஆகும்?"

நீதி: பல வேலைகளைத் தொடங்குவது பெருமையல்ல, மிகத் தேவையான ஒன்றைத் தேர்ந்து, மற்றவற்றுக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லி, அதை முடித்துக் காட்டுவதே பெருமை.