யாரும் கூப்பிடாத ஃபைல்

குரு என்று கூப்பிட்டால் சுகந்திக்குக் கோபம் வந்துவிடும். அதனாலேயே ஆபீஸில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். முப்பத்தைந்து வயசுகூட ஆகாத பெண். எதைக் கேட்டாலும் நேராகப் பதில் வராது. எதையாவது செய்து காட்டிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். புரிந்தால் உன் பாடு, புரியாவிட்டாலும் உன் பாடு.

அவளுடைய சீடர் மயில்சாமி சார். வயசு ஐம்பதுக்கு மேல். ஒன்பதாம் வகுப்பில் சுகந்திக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவரே இவர்தான். அவருடைய பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். மனுஷர் அசராமல் கம்ப்யூட்டர் படித்து, ஈரோட்டில் எங்கள் சின்னக் கம்பெனிக்கு டெஸ்டிங் வேலைக்கு வந்துவிட்டார். அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை சார் என்பாள். மனசு கலங்கினால் மட்டும் அவர் வாயில் 'கண்ணு' வந்துவிடும்.

அந்த வாரம் அவருக்கு மனசு வேலையில் இல்லை. மகள் கீர்த்தனாவுக்குக் கல்யாணம். பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும். 'அவ்வண்ணமே கோரும்' என்று போட்டு, கீழே பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று பேர்கள் வருமே, அந்த இடத்தில்தான் சிக்கல். சித்தப்பா ஒருவர் உண்டு. தனபால். மயில்சாமி சாரின் ஒரே தம்பி.

தனபால் லாரி ஓட்டியவர். கீர்த்தனா ஆறாவது படித்தபோது மைசூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனார். வண்டியை அங்கே நிறுத்திவிட்டு எங்கோ போய்விட்டார். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. வண்டி திரும்பி வந்தது, ஆள் வரவில்லை. தேடாத இடமில்லை.

மயில்சாமி சாரின் அக்கா காலையிலேயே போன் பண்ணிவிட்டார். அந்த அம்மாள் பேசினால் நாலு சீட்டுக்குக் கேட்கும்.

"அவன் பேரைப் போட்டா மாப்பிள்ளை வீட்ல கேள்வி கேப்பாங்க. லேட்டுன்னு போடலாம்னா அதுக்கு நீ அழுகறே. பேசாம உட்டுடு சாமி. இல்லாததை யாரு கவனிக்கப் போறாங்க?"

"செரிக்கா, பாக்கறேன்" என்று வைத்துவிட்டு அவர் ஸ்கிரீனைப் பார்த்தார். ஸ்கிரீன் அவரைப் பார்த்தது.

அவருக்குச் சுகந்தி கொடுத்திருந்த வேலையைச் சொல்ல வேண்டும். ஹாஸ்டல்களுக்கு நாங்கள் ஒரு புரோகிராம் எழுதியிருந்தோம். அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்க டெஸ்ட்டுகள் உண்டு. டெஸ்ட் நடக்கும்போது எந்த வரி ஓடியதோ அது பச்சை. ஓட வேண்டிய வரி ஓடாமல் கிடந்தால் சிவப்பு. அப்படியானால் எந்தெந்த வரி ஓடக்கூடியது என்று முதலில் தெரிய வேண்டும் அல்லவா? அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் வேலை.

மயில்சாமி சார் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தார். டெஸ்ட் எந்த ஃபைலையெல்லாம் கூப்பிட்டுத் திறக்கிறதோ அதில் உள்ள வரிகளை மட்டும் எண்ணிக்கொண்டார். ரிப்போர்ட் வந்தது. நூற்றுக்கு நூறு. ஒரு சிவப்பு இல்லை.

"மேடம், சென்டம்!" என்றார், பழைய வாத்தியார் குரலில். கல்யாணக் கவலையை மறந்து மனுஷர் சிரித்ததைப் பார்த்து எங்களுக்கும் சந்தோஷம். யாரோ வெங்காய பஜ்ஜி வாங்கப் போனார்கள்.

சுகந்தி எழுந்து வந்தாள். அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். 'மறுசேர்க்கை' என்று ஒரு ஃபைல். ஹாஸ்டலை விட்டுப் போனவர் திரும்பி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியது. அதைத் திறந்து, நட்டநடுவில் 'மத்தியானம் என்ன குழம்பு' என்று டைப் அடித்தாள்.

"ஐயோ! என்னங்க மேடம் பண்றீங்க, புரோகிராம் உடைஞ்சு போயிருமுங்க!"

"ஓட்டுங்க சார்."

ஓட்டினார். எல்லா டெஸ்ட்டும் பாஸ். நூற்றுக்கு நூறு.

மயில்சாமி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அதே நூறு. குழம்பு நடுவில் கிடக்கிறது, ஒருத்தருக்கும் தெரியவில்லை.

"இந்த ஃபைல் ரிப்போர்ட்லயே காணமுங்க."

"ஆமா."

"ஏன்?"

"யாரும் கூப்பிடலை சார்."

"அப்ப ஓடாததை எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

"ஓட்டிப் பாத்தா ஓடினதுதான் தெரியும்." குழம்பை அழித்துவிட்டு அவள் தன் சீட்டுக்குப் போய்விட்டாள். பஜ்ஜி வந்தபோது அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் அவர் புதிதாக எழுத ஆரம்பித்தார். இந்தத் தடவை எதையும் ஓட்டவில்லை. ஒவ்வொரு ஃபோல்டராகப் போய், ஒவ்வொரு ஃபைலையும் படித்துப் பார்க்கிற மாதிரி எழுதினார். காலி வரியா, தள்ளு. புரோகிராமர் தனக்காக எழுதிவைத்த கமென்ட்டா, தள்ளு. வெறும் அடைப்புக்குறியா, தள்ளு. மிச்சம் இருப்பது ஓடக்கூடிய வரி.

நடுவில் ஒருமுறை சுகந்தி எட்டிப் பார்த்தாள். "ஒரு வரியோட வால்ல கமென்ட் இருந்தா அந்த வரியே கமென்ட் ஆயிடுமா சார்?"

"தப்புத்தானுங்க" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். ஏகப்பட்ட நல்ல வரிகளைத் தள்ளிவிட்டிருந்தார். திருத்தினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரிப்போர்ட் வந்தது. நூறு இப்போது எண்பத்தி ஏழு. 'மறுசேர்க்கை' ஃபைல் மேலிருந்து கீழ்வரை சிவப்பு. மயில்சாமி சார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டில் இருந்த எனக்கே பார்க்கப் பாவமாக இருந்தது.

"மேடம்" என்று கூப்பிட்டார். "இதுக்கு ஒரு டெஸ்ட் எழுதிடலாமுங்களா?"

"திரும்பி வந்தவங்களை என்ன பண்ணோணும்னு ஹாஸ்டல்காரங்களே இன்னும் முடிவு சொல்லலை. பழைய ரூமைக் கொடுக்கறதா, புதுசாச் சேக்கறதா? தெரியாம என்னத்தைச் சோதிப்பீங்க?"

"அப்படின்னா மேல ஒரு குறி போட்டு, இந்த ஃபைலை எண்ணாதேன்னு சொல்லிடலாமுங்க. மறுபடியும் நூறு வந்துடும். பாக்கறவங்களுக்கும் நல்லாருக்கும்."

சுகந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அது காலி வரியா சார்?"

"இல்லீங்க."

"கமென்ட்டா?"

"இல்லீங்க."

"கூப்பிட்டா ஓடுமா?"

அவர் ஃபைலை ஒருதரம் மேலிருந்து கீழ்வரை உருட்டிப் பார்த்தார். "ஓடுமுங்க" என்றார் கடைசியில். "கூப்பிடத்தான் ஆளில்லை."

"அப்ப சிவப்பாவே இருக்கட்டும்."

"தினமும் கண் முன்னாடி நிக்குமே."

"நிக்கும்."

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. அச்சகம். "சார், பத்திரிகை மெஷின்ல ஏறப்போகுது. சித்தப்பா லைன்ல என்ன போடறதுன்னு நீங்க சொல்லவே இல்லை. இருக்கட்டுமா, எடுத்துடலாமா?"

"ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க" என்று போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"கண்ணு" என்றார். 'மேடம்' போய்விட்டது. "அவன் நம்பருக்கு நான் இன்னும் கூப்பிட்டுட்டுத்தான் இருக்கறேன். பஸ்ல போகையில கூப்பிடுவேன். உபயோகத்தில் இல்லைன்னு அந்தப் பொம்பளை குரல் சொல்லும். அது முடியற வரைக்கும் கேட்டுட்டுத்தான் வைப்பேன். ரோட்ல லாரிக்காரன் எவனாவது இறங்கினா மூஞ்சியைப் பாத்துட்டுத்தான் நகருவேன். செத்துட்டான்னு யாராவது வந்து சொல்லியிருந்தாக்கூட அழுது முடிச்சிருப்பேன்."

என் கையில் இருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அக்கா சொல்றதும் நாயந்தான். பேரை எடுத்துட்டா பத்திரிகை பாக்க நிறைவா இருக்கும். எதுவும் கொறைஞ்ச மாதிரியே தெரியாது."

"ஆமா சார். தெரியாது."

"போட்டுட்டேன்னு வெச்சுக்க. மண்டபத்துல வர்றவங்க போறவங்க அத்தனை பேரும் என்னையப் புடிச்சு நிறுத்தி, தனபால் எங்கே, தனபால் எங்கேன்னு கேப்பாங்க. நான் என்னன்னு பதில் சொல்லுவேன் கண்ணு?"

சுகந்தி ஸ்கிரீனில் இருந்த சிவப்பைப் பார்த்தாள். பிறகு கவிழ்த்து வைத்திருந்த போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"கேக்கட்டும் சார். பேரு இல்லைன்னா யாரும் கேக்கக்கூட மாட்டாங்க."

மயில்சாமி சார் போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கத்தில் அச்சகக்காரர் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"தனபால்" என்றார். "முன்னாடி லேட்டுன்னு ஒண்ணும் போட்டுடாதீங்க. வெறும் தனபால்."