வெயிலில் மாறும் பலகை

காருக்குள் கார்பன் ஃபைபர் என்னும் எடை குறைந்த கரிநூல் பலகை பொருத்தினால் வண்டி வேகமாக ஓடும் என்றொரு நம்பிக்கை கோயம்புத்தூரில் வேரூன்றியிருக்கிறது. கனத்த மனத்தோடு இதை மறுக்க வேண்டியுள்ளது. ஒரு கதவுப் பலகையில் குறையும் எடையை, ஓட்டுபவர் மதியம் ஒரு பிரியாணி சாப்பிட்டு ஈடுகட்டிவிடுகிறார். முட்டையும் வைத்துவிட்டால் நிகர நஷ்டம்.

ரங்கராஜுவுக்கு இது தெரியும். தெரிந்தும் ஐம்பது வயதில், கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் தன் கடையை மச்சினனிடம் ஒப்படைத்துவிட்டு, பீளமேட்டில் கார்பன் பட்டறை நடத்தும் சௌடேஸ்வரியிடம் தொழில் கற்க வந்தார்.

"உங்க ஸ்பிரே கன்னை ஆணியிலயே மாட்டி வெக்கறேன் மாமா," என்றான் மச்சினன். "எப்படியும் தீபாவளிக்குள்ள திரும்பி வந்துருவீங்க."

சௌடேஸ்வரி அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். முதல் வாரம் ரங்கராஜு கிண்டலாகத்தான் "குருவே" என்று கூப்பிட்டார். பிறகு கிண்டல் போய்விட்டது, சொல் மட்டும் தங்கிவிட்டது.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஈஸ்வரமூர்த்தி என்பவர் காரோடு வந்தார். ஓட்டுநர் பக்கக் கதவில் கார்பன் பலகை இருந்தது.

"வெளிநாட்டுச் சரக்குங்க. இன்னொரு கதவுக்கும் இதே மாதிரி வேணும். துளி வித்தியாசம் தெரியக் கூடாது."

மாதிரிக்கென்று அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"இது முழுக்க உங்க வேலைங்கண்ணா," என்றார் சௌடேஸ்வரி. "அவரு ஒத்துக்கிட்டா அந்த ஜன்னலோர மேசை உங்களுது."

"ஒத்துக்கலைன்னா?"

"அதான் உங்க மச்சினன் கடையில ஆணி இருக்குதே."

ரங்கராஜு மாதிரிப் பலகையைச் சுவரில் மாட்டினார். கீறல் படக்கூடாதென்று கிட்டேகூடப் போகவில்லை. ஊதுபத்தி ஒன்றுதான் பாக்கி. அதைப் பார்த்துப் பார்த்து அச்சில் கறுப்புக் கார்பன் துணியை விரித்தார், ரெசின் பசையைத் தடவினார், உறையிட்டுக் காற்றை உறிஞ்சி எடுத்தார். பலகை பளபளவென்று வந்தது.

ஈஸ்வரமூர்த்தி இரண்டையும் வெயிலுக்கு எடுத்துப் போனார். தன்னுடையதைச் சாய்த்தார். ரங்கராஜுவினுடையதைச் சாய்த்தார்.

"கோளாறுங்க. உங்களுது சாய்ச்சா நெசவு வரியெல்லாம் வெளுக்குது, நிமுத்துனா கறுக்குது. என்னுது பாருங்க, எப்படித் திருப்புனாலும் ஒரே மாதிரி நிக்குது."

ரங்கராஜு துணியின் போக்கை மாற்றி இன்னொன்று செய்தார். அதுவும் மின்னியது. ரெசினை மாற்றினார். அது முன்னைவிட அழகாக மின்னியது. பெயின்ட் கடையில் அவர் கற்ற பாடம் ஒன்றே ஒன்று: கலர் பொருந்தவில்லையென்றால் கலவைதான் தப்பு, கார் ஒருநாளும் தப்பாகாது.

"குருவே, எங்கே தப்பு?"

சௌடேஸ்வரி சுவரிலிருந்து மாதிரியை எடுத்து அவர் கையில் வைத்தார். "பின்பக்க மடிப்பைத் தின்னர்ல துடைங்க."

"ஐயோ, கஸ்டமர் பொருளு."

"மடிப்பு வெளியில தெரியாது. துடைங்கண்ணா."

துடைத்தார். துணியில் கறுப்பு ஏறியது. பலகையின் ஓரத்தில் வரிகள் கரைந்து, உள்ளே வெள்ளை பிளாஸ்டிக் சிரித்தது.

"பிளாஸ்டிக்ல வரியை அச்சடிச்சதா இது!"

"ஆமாங்க. நிஜ நூலுன்னாதான் வெயில்ல மாறும்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அவரு கழட்டிக் குடுத்தப்பவே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! மூணு பலகைங்க குருவே, மூணு!"

"நீங்க செஞ்ச பலகையை எத்தனை தடவை கையில எடுத்துப் பார்த்தீங்க?"

"கணக்கே இல்லை."

"அவரோடதை?"

ரங்கராஜு கையிலிருந்ததைப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு ஈஸ்வரமூர்த்தி நண்பர்கள் புடைசூழ வந்தார். ரங்கராஜுவின் பாக்கெட்டில் தின்னரில் நனைத்த துணி இருந்தது. நடு வாசலில் வைத்துத் துடைத்துக் காட்டுவதென்று இரண்டு நாளாக ஒத்திகை பார்த்திருந்தார். குருவைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலை நிமிராமல் அச்சுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, சரி பண்ணிட்டீங்களா?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"இல்லீங்க. சரி பண்ண அதுல ஒண்ணுமில்லை. என்னுது வெயில்ல மாறும். அப்படித்தான் இருக்கும்."

"அப்ப இது வேண்டாமே!" என்று சிரித்தார் ஒரு நண்பர்.

"இப்படி ஒரு நிமிஷம் வாங்க," என்று ஈஸ்வரமூர்த்தியை மட்டும் காருக்குப் பின்னால் கூட்டிப்போனார் ரங்கராஜு. கையோடு கொண்டுவந்த மாதிரியைத் திருப்பி, வரி கரைந்த மடிப்பைக் காட்டினார்.

ஈஸ்வரமூர்த்தி குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தணித்தார்.

"அவனுங்களுக்குத் தெரிய வேண்டாங்க."

"எனக்கென்னங்க, பலகை உங்களுது."

"டிரைவர் பக்கக் கதவுக்கும் உங்களுது மாதிரியே ஒண்ணு போட்டுருங்க."

முன்னால் வந்ததும் ஈஸ்வரமூர்த்தி ரங்கராஜுவின் பலகையைத் தூக்கி வெயிலில் சாய்த்தார். "மாறுது பாருங்கடா. அதான் ஒரிஜினல்."

கார் போன பிறகு ரங்கராஜு கேட்டார். "அவரு முடியாதுன்னு சொல்லியிருந்தா, குருவே?"

"மறுபடி கார்பன் துணியை மாத்தியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்புறம் என்ன? உங்க மேசையைத் தூக்குங்க, ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் போடலாம். அங்கதான் வெயில் நல்லா வருது."

அந்த வாரமே மச்சினன் ஸ்பிரே கன்னை இறக்கிவிட, கடைச் சுவரில் ஓர் ஆணி காலியானது. இப்போது அதில் காலண்டர் தொங்குகிறது.