சுவை பார்க்க வந்த யந்திரம்

கோவளப்பாடி ராஜ்யம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். அதை ஆண்டவர் அனந்தசிம்மர், அது எனக்குத் தெரியும். நல்ல மனுஷர்தான். ஆனால் புதுசாக எதைப் பார்த்தாலும் சொக்கிப்போவார்.

அவருடைய அரண்மனையில் சேந்தன் என்று ஒருவன் இருந்தான். ராஜா சாப்பிடும் எதையும் முதலில் தின்று பார்ப்பதுதான் அவன் உத்தியோகம். விஷம் இருந்தால் அவன் போவான், ராஜா இருப்பார். இந்த வேலைக்குக்கூட யாராவது போட்டிக்கு வருவார்களா? வந்தது ஐயா, ஒரு யந்திரம்!

அதைக் கொண்டுவந்தவர் பிரதானி, அதாவது முதல் மந்திரி, திரிபுராந்தகர். அவருக்குச் சேந்தன் மேல் தீராத எரிச்சல். காரணம் நெய். அரண்மனைக்கு நெய் கொடுப்பவர் பிரதானியின் மைத்துனர். அந்த நெய்யை மூன்று தடவை முகர்ந்து பார்த்து, "சிக்கு வாடை அடிக்கிறது, மகாராஜா" என்று திருப்பி அனுப்பிவிட்டான் சேந்தன். மைத்துனர் நேரே அக்காவிடம் போய் மூக்கைச் சிந்தினார். அன்றிலிருந்து பிரதானிக்கு வீட்டில் சோறு சரியாக விழவில்லை.

மரத்தால் உடம்பு, செம்பால் முகம், கையில் ஒரு கரண்டி. முதுகில் பெரிய சாவி. சபையின் நடுவில் யந்திர மனிதன் ஜம்மென்று உட்கார்ந்திருந்தான்.

"மகாராஜா, இது தூங்காது, கொழுக்காது, லீவு கேட்காது. விஷத்தைத் தின்றால்கூடச் சாகாது!" என்றார் பிரதானி.

"சாகவே சாகாதா?"

"சாகவே சாகாது!"

"ஆஹா!" என்றார் ராஜா. நாளைப் பகல் பௌர்ணமி விருந்தில் யந்திரத்துக்கு வெள்ளோட்டம் என்று முடிவாயிற்று. அது தேறிவிட்டால் சேந்தன் யானைக் கொட்டாரத்துக்குச் சாணி அள்ளப் போக வேண்டியதுதான்.

சேந்தனுக்குச் சாணி அள்ளுவதுகூடப் பரவாயில்லை. தன் ராஜா இனி எதை எதைத் தின்னப் போகிறாரோ என்பதுதான் அவனுக்குப் பகீரென்றது. யந்திரத்தைச் செய்த கம்மாளர் மயிலேறியைத் தேடிப் பட்டறைக்கே ஓடினான்.

"அண்ணே, இதுக்கு நாக்கு எங்கே?"

மயிலேறி சிரித்தார். "நாக்கெல்லாம் இல்லை தம்பி. கரண்டியில பாரம் விழுந்தா உள்ளே கம்பி இறங்கும். கம்பி இறங்கினா தலை மேலும் கீழும் ஆடும். அவ்வளவுதான்."

"மண்ணை அள்ளிப் போட்டா?"

"மண்ணுக்கும் ஆடும். வேண்டாம்னு குறுக்கே ஆட்டுறதுக்கும் ஒரு சக்கரம் வெச்சிருந்தேன். பிரதானிதான் அரண்மனைக்கு அது ஒத்துவராதுன்னு கழற்றச் சொல்லிட்டார்."

சேந்தன் திரும்பி வந்து ராஜாவிடம் கெஞ்சினான். "கடைசி நாள், மகாராஜா. விருந்துப் பாயசத்தை மட்டும் நானே என் கையால் செய்கிறேன்." ராஜா மனம் இளகிச் சரி என்றார்.

அந்த அரண்மனை விருந்துக்கு ஒரு முறை உண்டு. சுவை பார்ப்பவன் தலையாட்டியதும், பிரதானியும் பதினோரு மந்திரிகளும் ஆளுக்கு ஒரு வாய் சாப்பிட்டு "நன்று" என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் ராஜா கை வைப்பார்.

மறுநாள் பாயசம் வந்தது. மயிலேறி சாவியை முறுக்கிவிட்டார். கரண்டியில் ஒரு சொட்டு விழுந்தது. டக் டக்கென்று தலை ஆடியது.

பிரதானி ஒரு வாய் குடித்தார். கண் பிதுங்கியது. யந்திரம் ஆட்டிவிட்டதே, தன் யந்திரமாயிற்றே! "நன்று! அமிர்தம்!" என்றார். பிரதானியே சொன்ன பிறகு மற்றவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? பதினோரு பேரும் கண்ணில் நீர் வழிய "நன்று, நன்று" என்றார்கள். ஒருவர் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார், பாவம்!

ராஜா ஆசையாக ஒரு மடக்குக் குடித்தார். தூவென்று துப்பினார். "என்னடா இது! கடல் தண்ணியா?"

"சர்க்கரைக்குப் பதில் உப்பு, மகாராஜா. பிரதானியின் மைத்துனர் கொடுத்த நெய். இரண்டையும் போட்டவன் நான்தான்" என்று காலில் விழுந்தான் சேந்தன். "இன்றைக்கு உப்பு, நாளைக்கு விஷம் வரும். சாகாத யந்திரம் உங்களை எப்படிக் காப்பாற்றும்? செத்துப்போவேன் என்ற பயம் இருப்பதால்தானே நான் கவனமாகத் தின்கிறேன்!"

ராஜா வாயைக் கொப்பளித்தார். "யந்திரத்துக்கு நாக்கில்லை, சரி. இந்தப் பன்னிரண்டு பேருக்கும் இருக்கிறதே?"

சேந்தன் எழுந்து, பிரதானி கழற்றச் சொன்ன சக்கரத்தின் கதையையும் சேர்த்து அவர் காதோரம் என்னவோ சொன்னான். ராஜாவின் மீசை துடித்தது. யந்திரத்தின் கரண்டியில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டே, "அரண்மனைக் குளத்தைத் தூர்வாரலாம் என்றிருக்கிறேன்" என்றார்.

"நன்று, மகாராஜா!" பன்னிரண்டு தலையும் ஆடின. யந்திரமும் ஆடியது.

இன்னொரு சொட்டு. "யானைகளுக்குப் புது முகபடாம் போடலாம்."

"நன்று, மகாராஜா!" எல்லாத் தலையும் ஆடின.

இன்னொரு சொட்டு. "பிரதானியை அனுப்பிவிட்டு அந்த ஆசனத்தில் இந்த யந்திரத்தை உட்கார வைக்கலாம்."

"நன்று, மகாராஜா!" பன்னிரண்டு தலையும் ஆடின. பிரதானியின் தலைதான் எல்லாரையும் முந்திக்கொண்டது. பாதி ஆட்டத்தில்தான் அவருக்கு உறைத்தது. ஐயோ என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

யந்திரம் மட்டும் அசையவில்லை.

"இது ஏன் ஆடவில்லை?" என்றார் ராஜா.

"சாவி தீர்ந்துவிட்டது, மகாராஜா" என்றான் சேந்தன். "இதற்கு யாராவது முறுக்கிவிட வேண்டும். இவர்களுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றிச் சேந்தன் கழுத்தில் போட்டார். அப்புறம் மயிலேறியைக் கூப்பிட்டு, "கழற்றிய சக்கரத்தை மறுபடி மாட்டும் ஐயா" என்றார்.

"யந்திரத்துக்குத்தானே, மகாராஜா?"

"யந்திரத்துக்கு ஒன்று. மந்திரிகளுக்குப் பன்னிரண்டு செய்து கொண்டுவாரும்!"