களாப் புதருக்கு யார் காவல்?

வட்டப்பாறைக் கோயில்காட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. உதிர்ந்ததை யாரும் எடுக்கலாம்; செடியில் இருப்பதைக் கிள்ளக்கூடாது. காட்டை அடைத்துப் பரவிய உண்ணிச்செடியை வெட்ட மட்டும், ஊர் கூடிப் பூக்கட்டிப் பார்த்துச் சாமியிடம் உத்தரவு வாங்கியிருந்தது.

அதே வாரம் காட்டுக்குப் புதிய காவலாள் தேவைப்பட, மூன்று பேர் கேட்டார்கள். தவசி அங்கேயே ஆடு மேய்த்து வளர்ந்தவர். ஒச்சம்மாள் பச்சிலை வைத்தியக் குடும்பத்துக்காரி. முத்திருளாயியோ உப்பளப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். மலைச்செடியில் நாலு பெயர் சொல்லத் தெரியாது. ஆனால் வேலை கிடைக்காவிட்டால் மகளின் படிப்பை நிறுத்தி, அவளையும் கூட்டிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போக வேண்டியதுதான். தேவை இருக்கிறது என்பதற்காக ஊர் வேலை கொடுத்துவிடுமா என்ன?

தவசி முன்னால் நின்று காட்ட, முத்திருளாயியும் கூலியாட்களுமாக வெட்டிக்கொண்டே வந்தவர்கள் பள்ளத்தருகே ஒரு புதரில் தயங்கினார்கள். உண்ணி மேலேறி மூடியதில் எது எதன் இலை என்றே தெரியவில்லை. முள் இருந்தது. பழங்களில் சில கறுப்பு, சில நல்ல சிவப்பு.

தவசி ஒரு பார்வை பார்த்தார். கறுத்த பழம், முள், உண்ணிதான், வெட்டுங்கள் என்றார். முதல் வெட்டு விழுந்தது. சிவப்புப் பழங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன.

முத்திருளாயி அந்தப் பழங்களின் மேலேயே போய் நின்று முள்ளுக்கிளையைப் பிடித்துக்கொண்டாள். கையில் ரத்தம் வந்தது.

"இது என்ன செடின்னு எனக்குத் தெரியாது. ஆனா இத்தனை நாள் வெட்டுன உண்ணியில செவப்புப் பழம் ஒண்ணுகூடப் பாக்கல. என்னன்னு தெரியிற வரைக்கும் வெட்ட விடமாட்டேன்."

தவசி திட்டினார், கூலியாட்கள் சிரித்தார்கள். வேலை போனாலும் போகட்டும் என்று அவள் அசையாமல் நின்றாள். சொல்லியனுப்பி ஒச்சம்மாள் வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஒச்சம்மாள் வந்ததும் பச்சைக் கொப்பு ஒன்றைப் படக்கென்று ஒடித்தாள். வெள்ளையாகப் பால் வடிந்தது.

"களாச்செடிப்பா இது. பாலைப் பாருங்க, உண்ணியில ஏது பாலு?"

புதர் தப்பியது. மறுநாள் ஊர் கூடியபோது மூவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஊர் உத்தரவுப்படிதான் நடந்தேன், ஓர் இலையைக்கூடக் கிள்ளவில்லை என்றார் தவசி. கண்டுபிடித்தவள் நான் என்றாள் ஒச்சம்மாள். வெட்டை நிறுத்தியவள் நான் என்றாள் முத்திருளாயி.

நீங்களே சொல்லுங்கள், காவல் வேலை யாருக்குச் சேரும்?

தவசி கறுப்பைப் பார்த்தார், சிவப்பைப் பார்க்கவில்லை, அவரை விட்டுவிடலாம். ஒச்சம்மாள் சொன்னது சரி, செய்தது தவறு. முதல் வெட்டில் உதிர்ந்த களாப்பழம் காலடியில் கிடந்தது. ஒன்றை நகத்தால் கீறியிருந்தாலே அதே பால் வந்திருக்கும். கொப்பை ஒடித்திருக்க வேண்டியதில்லை. பெயர் தெரியாமலே காத்தவளுக்குத்தான் ஊர் வேலையைக் கொடுத்தது. அடுத்த வாரம் ஒச்சம்மாளே வந்து அவளுக்குச் செடிகளின் பெயரைச் சொல்லிக்கொடுத்தாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.