மூக்காயி பிடுங்கிப் போட்ட கத்தாழை

தேரிக்காட்டுல மூக்காயின்னு ஒரு முயல் இருந்துச்சு. மூணு குட்டிக்குத் தாயி. அந்தக் காட்டு மண்ணு செக்கச்செவேல்னு இருக்கும். மத்தியானம் கால வச்சா அப்பளம் மாதிரி பொரிஞ்சிரும்! கால் வெந்ததுக எல்லாம் ஓடுற ஒரே எடம், சுடலை அண்ணாச்சிங்கற உடும்போட கத்தாழைப் பாத்தி. மடலுக்குள்ள இருக்கற கத்தாழைச் சோத்தத் தடவுனா வெந்த புண்ணு ஆறிரும்.

அந்தப் பாத்தியில ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. ஒண்ணு குண்டு மடலு, கசப்பே கெடையாது. ஒண்ணு உடம்பெல்லாம் புள்ளி. ஒண்ணு வெயில் பட்டா வெக்கப்பட்டுச் செவந்துபோவும். ஒண்ணு ஒல்லிப்பிச்சான், ஓரமெல்லாம் முள்ளு. எல்லாம் கலந்துகட்டி நிக்கும்.

ஒருநா அண்ணாச்சி சொன்னாரு. "ஏளா மூக்காயி! எனக்குத் தோலு உரியுற நேரம். எட்டு நாளு பொந்துக்குள்ளதான் கெடப்பேன். பாத்தியப் பாத்துக்கிடு!"

"ஒரு கொறையும் வராது அண்ணாச்சி!"

அண்ணாச்சி வாலு மறைஞ்சதும் மூக்காயி ஒவ்வொரு மடலா கடிச்சுப் பாத்துச்சு.

"த்தூ! த்தூ! இந்தக் கசப்பையா எம் புள்ளைக்குத் தடவுறது? நக்குனா அழுவுமே!"

குண்டுக் கத்தாழைய மட்டும் விட்டுட்டு, மத்ததெல்லாம் சரட்டு சரட்டுனு பிடுங்கி மேட்டுக்கு அங்கிட்டு வீசுச்சு.

கடைக்குட்டி சிட்டு கேட்டுச்சு. "எம்மா, அந்தப் புள்ளி போட்டது அழகா இருக்குல்லா?"

"அழக வச்சு நாக்கு வழிக்கவாட்டி? சும்மா கெட!"

நாலாம் நாளு, முள்ளெல்லாம் கலகலன்னு ஆட, கொம்பையாங்கற முள்ளம்பன்றி வந்துச்சு.

"எக்கோவ்! போன தடவ இங்க ஒரு கடி கடிச்சேன். நாக்கு மூணு நாளு மரத்துப்போச்சு! எது நல்லது, எது கசப்புன்னு தெரியாமத் திரும்பிட்டேன். இப்போ நல்லதா நீங்களே பொறுக்கி வச்சிருக்கியளே! மகராசி!"

"ஏலே கொம்பையா! நில்லுல! வாய வைக்காத!"

யாரு கேக்கா? கறுக்கு மொறுக்கு, கறுக்கு மொறுக்கு! ரெண்டு கட்ட வேரத் தவிர பாத்தி மொட்டை.

எட்டாம் நாளு மத்தியானம் ஒரு நரி வந்து சிட்ட வெரட்டுச்சு. சிட்டு கொதிக்கிற மண்ணுல ஓடி எப்படியோ ஒரு முள்ளுப் புதருக்குள்ள விழுந்துட்டு. ஆனா நாலு காலும் கொப்பளிச்சுப்போச்சு. ஒரு எட்டு வைக்க முடியல. நரி புதரச் சுத்திச் சுத்தி வருது. இன்னொரு தடவ வெரட்டுனா சிட்டு செத்துச்சு!

மூக்காயி மருந்து தேடிப் பாத்திக்கு ஓடுச்சு. அப்போ அண்ணாச்சி பொந்த விட்டுப் பளபளன்னு வந்தாரு. "எப்படி இருக்கு என் புதுச் சட்டை?"ன்னாரு. பாத்தியப் பாத்தாரு. "எங்கட்டி என் கத்தாழை?"ன்னாரு.

"கசந்துச்சுன்னு பிடுங்கிட்டேன் அண்ணாச்சி. மிச்சத்தக் கொம்பையா தின்னுட்டான். எம் புள்ளைக்கு இப்போ மருந்தே இல்லையே!"ன்னு மூக்காயி மாரடிச்சு அழுதுச்சு.

"பிடுங்குனத எங்கட்டி போட்ட?"

"மேட்டுக்கு அங்கிட்டு. இந்த வெயிலுக்குக் கருகியிருக்கும்."

"கருகுமா? அதுக்குச் சாவத் தெரியாதுட்டி!"

போய்ப் பாத்தா, வேரு மேல பாக்கக் கெடந்த கத்தாழையெல்லாம் கொஞ்சம் வாடி, ஆனா உயிரோட இருக்கு! அண்ணாச்சி ஒல்லிப்பிச்சான்ல ஒரு மடல ஒடிச்சுச் சாய்ச்சு வச்சாரு. மஞ்ச மஞ்சளா பாலு வடிஞ்சுச்சு.

"கசப்பு பூராவும் இந்தப் பாலுலதான். வடியவிட்டு, தோலச் சீவி, ஏழு தண்ணி அலசணும். நீ எப்படிட்டி தின்ன?"

"அப்படியே கடிச்சேன் அண்ணாச்சி."

அண்ணாச்சி சிரிச்ச சிரிப்புல புதுத்தோலே கிழிஞ்சிருக்கும்!

ஊத்துத் தண்ணியில அலசி, சிட்டு காலுல சோத்த அப்புனாங்க. நரி உள்ள வராம அண்ணாச்சி வாலச் சாட்டை மாதிரி சொழட்டிக்கிட்டே காவல் நின்னாரு. சிட்டு நைசா நக்கிப் பாத்துச்சு. "எம்மா, கசக்கவே இல்ல!"

மருந்து போட்ட மூணாம் நாளு, காலு ஆறுன பொறவு, நரி மறுபடி வந்துச்சு. சிட்டு அது மூஞ்சியில செம்மண்ண வாரி எறைச்சிட்டுப் பறந்துட்டு!

மூக்காயி மேட்டுல கெடந்ததையெல்லாம் திரும்ப நட்டுச்சு. தப்பிச்ச ரெண்டு குண்டுக் கத்தாழை வேரச் சுத்தி முள்ளும் புள்ளியும் செவப்புமா கலந்து வச்சுச்சு. எல்லாம் தழைச்சு வந்ததும் கொம்பையாவும் வந்துச்சு.

"எக்கோவ், இதுல எதுக்கா நல்லது?"

"எல்லாமே நல்லதுதாம்ல! கடிச்சுப் பாரு!"

நமக்குப் பிடிச்சத மட்டும் வச்சுக்கிட்டு மத்ததப் பிடுங்கி எறிஞ்சா, பிடிச்சதும் நமக்கு நெலைக்காது.