தாண்டவனின் அறுபதாவது மதிப்பெண்

மருதூர் மன்னர் நெடுவேளின் அவையில் தாண்டவன் என்றொரு புலவன். யார் என்ன தீர்ப்புச் சொன்னாலும் நடுவில் புகுந்து ஒரு குறை சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு செரிக்காது. ஒருநாள் மன்னருக்குப் பொறுமை போய்விட்டது.

“தாண்டவா, சட்டம் பேச அவ்வளவு ஆசையா? சட்டப் பாடசாலையில் சேர். நுழைவுத் தேர்வுக்கு மூன்று வாய்ப்புத் தருகிறேன். மூன்றிலும் தோற்றால் இந்தச் சபையில் நீ வாயே திறக்கக் கூடாது.”

தாண்டவனின் பிழைப்பே அந்த வாய்தான். இருந்தும் சிரித்துக்கொண்டே சம்மதித்தான். தன் மூளையைப் பற்றி அவனுக்கு அத்தனை நல்ல எண்ணம்.

அந்த எண்ணத்தை நுழைவுத் தேர்வின் தர்க்கத் தாள் தூள் தூளாக்கியது. தேறுவதற்கு நூற்றுக்கு அறுபது வேண்டும். முதல் முறை முப்பத்தொன்று. மாதக்கணக்கில் படித்து எழுதிய இரண்டாம் முறை இருபத்தொன்பது. படிக்கப் படிக்கக் குறைகிற வித்தை தனக்கு மட்டுமே கைவந்தது என்று தாண்டவன் பெருமைப்பட்டுக்கொண்டான்.

அவன் மனைவி உமையம்மை திருத்திய ஓலையை வாங்கிப் படித்தாள்.

“‘குதிரைகள் எல்லாம் பறக்கும். கருப்பன் ஒரு குதிரை. ஆகவே?’ இதுக்கு என்ன எழுதியிருக்கீங்க?”

“கருப்பன் நொண்டும்னு எழுதினேன். போன வாரம்தானே நம்ம குதிரைக்கு லாடம் கழன்றது?”

“உங்க கருப்பனையா கேட்டாங்க? பறக்கும்னு அவங்க சொன்னா பறக்கட்டுமே. உங்களுக்கு என்ன நஷ்டம்? கேள்வியில இருக்கிறதை மட்டும் பாருங்க. உங்களுக்குத் தெரிஞ்சதையெல்லாம் உள்ளே கொண்டுவந்து கொட்டாதீங்க.”

தப்பான விடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாவற்றிலும் இதே வியாதி. தனக்குத் தெரிந்தது அதிகமில்லை என்றாலும் அதை அடக்கிவைக்கப் படாதபாடு பட்டான்.

மூன்றாம் முறை ஐம்பத்தொன்பது வந்தது. மீதி ஒரு மதிப்பெண்ணுக்கு இன்னும் ஒரே ஒரு கேள்வி பாக்கி. அதை மன்னர் முன்னிலையில் தேர்வாளர் கச்சபேசப் பண்டிதர் வாய்மொழியாகக் கேட்பார். தாண்டவனின் கேலிக்குப் பலமுறை ஆளானவர் அவர்.

“தர்க்கம் அறியாதவர் அனைவரும் மூடர். தாண்டவன் தர்க்கத் தேர்வில் இரண்டு முறை தோற்றவன். ஆகவே தாண்டவன் மூடன். இது சரியா?”

சபை சிரித்தது. தாண்டவனுக்கு ‘சரிதான்’ என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டான்.

“சரியில்லை ஐயா. தோற்றவனுக்குத் தர்க்கம் தெரியாது என்று கேள்வியில் இல்லை. காய்ச்சலில்கூடத் தோற்றிருக்கலாம். நான் மூடன் என்பது என்னவோ உண்மைதான். ஊருக்கே தெரியும். ஆனால் உங்கள் இரண்டு வாக்கியங்களிலிருந்து அது கிடைக்கவில்லை.”

பண்டிதர் துள்ளி எழுந்தார். “அரசே, விடை சரிதான். ஆனால் மூடனைப் பாடசாலையில் சேர்க்கக் கூடாது என்பது விதி. தான் மூடன் என்று இவனே ஒப்புக்கொண்டான். நீங்களே காதால் கேட்டீர்கள்.”

மன்னர் தாண்டவனைப் பார்த்தார். “என்ன சொல்கிறாய்?”

“ஒப்புக்கொண்டேன் அரசே, மறுக்கவில்லை. ஒரே ஒரு சந்தேகம். மூடனின் வாக்குமூலம் நம் நாட்டில் செல்லுமா?”

“செல்லாது” என்றார் பண்டிதர், சட்டம் தெரிந்த வேகத்தில்.

“அப்படியானால் நான் மூடனாக இருந்தால் என் பேச்சு செல்லாது. மூடனாக இல்லாவிட்டால் பாடசாலையில் இடம் உண்டு. என்னை மூடன் என்று நிரூபிக்க, ஐயா, நீங்கள் வேறு சாட்சியைத்தான் தேட வேண்டும். என் மனைவியைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.”

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த அறுபதாவது மதிப்பெண்ணைப் பண்டிதரே தம் கையால் எழுத வேண்டியதாயிற்று.