ஆமை மிச்சம் பிடித்த கூலி

பாறைக்குளத்தில் அம்சா என்று ஓர் ஆமை இருந்தாள். தனியாக இருந்தாள்.

போன கோடையில் தண்ணீர் வற்றியபோது தவளைகள், நண்டுகள், நாரைகள் எல்லாரும் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். மழை பெய்ததும் தண்ணீர் திரும்பி வந்தது. போனவர்கள் வரவில்லை. குளம் நிறைய அல்லிக்கிழங்கு. தின்ன ஒரே ஒரு வாய்.

பேச ஆளில்லாமல் அம்சா தன் நிழலையே அதட்டிக்கொண்டிருந்தாள். "ஏய், தள்ளிப் போ!" என்பாள். அது எங்கே தள்ளிப் போகும்!

மலைக்கு அந்தப் பக்கம் தாமரைக்குளத்தில் அவளுடைய தங்கை வத்சலா இருந்தாள். ஆமை நடையில் போனால் இரண்டு மாதம். அதனால் அம்சா, கழுதையை வாடகைக்கு விடும் நரியிடம் போனாள். நரி என்றதும் ஏமாற்றப்போகிறது என்று காத்திருக்காதீர்கள். இந்த நரி நேர்மையானது. அப்படியும் சில உண்டு.

"போக, வர பத்து அல்லிக்கிழங்கு. அங்கேயே இறங்கிக்கொண்டால் இருபது" என்றது நரி.

"பாதி தூரத்துக்கு இரண்டு மடங்கா? உனக்கு மூளை கலங்கிவிட்டதா?"

"அக்கா, மலையில் சிறுத்தை இருக்கிறது. முதுகில் ஆளில்லாமல் என் கழுதை தனியாக வராது. நானே போய்க் கூட்டிவர வேண்டும். அதற்குத்தான் அந்தப் பத்து."

"அப்படியானால் நானே திரும்பி வருகிறேன்!"

"நல்லது. நாலாம் நாள் கழுதைமேல் யாராவது உட்கார்ந்து வந்தால் போதும். யாராக இருந்தாலும் சரி."

அம்சா பத்துக் கிழங்கை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அவற்றில் சின்னதாகப் பார்த்துப் பொறுக்கியவை ஆறு.

தாமரைக்குளத்தில் வத்சலா கரைக்கே ஓடி வந்தாள். ஆமைக்கு அதுதான் ஓட்டம். "அக்கா! என்ன இப்படி இளைத்துப் போயிருக்கிறாய்?"

"ஓட்டுக்குள் இளைத்தால் வெளியே தெரியுமா? கண்ணை நன்றாகத் திறந்து பார்!" என்றாள் அம்சா. ஆனால் அப்படிக் கேட்க ஒரு ஆள் இருந்ததே என்று தங்கையை ஒட்டியே நடந்தாள்.

மூன்று நாள் போனதே தெரியவில்லை. வத்சலாவின் குஞ்சுகள் அம்சாவின் முதுகில் ஏறிச் சறுக்கி விளையாடின. வெயில் காயும் கல்லில் எல்லாருமாக இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். "கொஞ்சம் நகருங்களேன், சனியன்களே!" என்று அம்சா நூறு தடவை சொன்னாள். ஒருவரும் நகரவில்லை. அவளும் எழுந்து போகவில்லை.

மூன்றாம் நாள் மாலை வத்சலா, "அக்கா, இங்கேயே இருந்துவிடேன்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அம்சா மலை ஏறி வந்திருந்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு. "கழுதையை யார் கொண்டுபோய் விடுவது? நரி இன்னும் பத்துக் கிழங்கு கேட்பான்!"

"அவ்வளவுதானே? நான் தருகிறேன்."

"உன் கிழங்கு மட்டும் வானத்திலிருந்தா விழுகிறது? தண்டச் செலவு!"

வத்சலா யோசித்தாள். பிறகு பக்கத்துப் புதரிலிருந்து ஒரு முயலைக் கூட்டி வந்தாள். அதன் காலில் முள் தைத்து, புண்ணாகி, நொண்டிக்கொண்டிருந்தது.

"இவன் அந்தப் பக்கம்தான் போக வேண்டும், அக்கா. நடக்க முடியவில்லை. கழுதைமேல் இவன் போகட்டும். நீ இங்கே இரு. ஒரு கிழங்குகூடச் செலவில்லை!"

"ஆமாம் பெரியம்மா, கழுதையைப் பத்திரமாக ஒப்படைத்துவிடுகிறேன்" என்றது முயல்.

அம்சா அதை மேலும் கீழும் பார்த்தாள். "சரி, நீ எவ்வளவு தருவாய்?"

முயல் விழித்தது. "என்னிடம் என்ன இருக்கிறது, பெரியம்மா? கொஞ்சம் அறுகம்புல் பறித்துத் தருகிறேன்."

"புல்லா? நான் பத்துக் கிழங்கு எண்ணி வைத்து எடுத்த சவாரி இது! இந்தத் துரை அதில் ஓசியில் ஏறிக்கொண்டு ஜம்மென்று போவாராம்! நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமாம்!"

"அவன் போனால் உனக்கு என்ன குறைந்துவிடும், அக்கா?"

"குறைகிறதோ இல்லையோ, அவனுக்குக் கிடைக்கிறதே!"

அதுவரை வாய் திறக்காத கழுதை திரும்பிப் பார்த்தது. "முதுகு என்னுடையது. எனக்கே வயிறு எரியவில்லை" என்றது.

"உன்னை யார் கேட்டது?" என்றாள் அம்சா.

வத்சலா அதற்கு மேல் கெஞ்சவில்லை. "போய் வா, அக்கா" என்று மட்டும் சொன்னாள். குஞ்சுகள் ஏற்கெனவே தூங்கிவிட்டிருந்தன.

மறுநாள் காலையிலேயே அம்சா கழுதைமேல் கிளம்பினாள். முயல் நொண்டிக்கொண்டே கொஞ்ச தூரம் பின்னால் வந்து, பிறகு நின்றுவிட்டது. அம்சா திரும்பிப் பார்க்கவில்லை.

இந்தப் பக்கம் காத்திருந்த நரிக்கு, அவளைப் பார்த்ததும் முகம் வாடியது. "நீங்களா அக்கா? வேறு யாராவது வருவார்கள் என்று நினைத்தேன்."

"ஏன் வர வேண்டும்? சொன்னபடி நாலாம் நாள் வந்துவிட்டேன். ஒரு கிழங்கு கூடுதலாகக் கொடுத்தேனா, பார்!"

"இல்லை அக்கா, கொடுக்கவில்லை" என்றது நரி. பிறகு மெதுவாக, "இனி மழைக்காலம். பாதை அடைத்துவிடும். தை பிறக்கும்வரை சவாரி கிடையாது" என்று சொல்லிவிட்டுக் கழுதையை ஓட்டிக்கொண்டு போனது.

அம்சா குளத்துக்கு வந்தாள். தன் சாமர்த்தியத்தைச் சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது.

பாறையில் ஏறி, மூன்று நாள் பழக்கத்தில் ஓர் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள். சற்று நேரம் கழித்துத்தான் பாறை முழுவதும் காலியாக இருப்பது தெரிந்தது. தெரிந்த பிறகும் அவள் நடுவே நகரவில்லை.

தனக்கு நஷ்டமே இல்லாவிட்டாலும் அடுத்தவனுக்கு ஓசியில் ஒரு நன்மை போய்விடக் கூடாது என்று கணக்குப் பார்க்கிறவர்களுக்குக் கடைசியில் மிஞ்சுவது அவர்கள் மட்டும்தான்.